இடது தோளில் ஒரு நீலக்கறை

நான் ஓய்வு பெற்ற அன்று லண்டன் எட்மண்டன் சலவைச்சாலையில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். கேக் முடிந்ததும் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அங்கிள், இவ்வளவு வருசத்தில் நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன?" என்று கேட்டார்கள். என்ன சாதித்தீர்கள் என்று மருந்துக்கும் ஒருவர் கேட்கவில்லை.

அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது அங்கே பிழை விட வழியே இல்லை. சோப்பும் வெளுக்கும் மருந்தும் சுவரிலிருக்கும் குழாய்கள் வழியாகத் தாமே அளந்து இயந்திரத்துக்குள் போகின்றன. ஆள் ஒரு பட்டனை அமத்தினால் போதும். எங்கள் காலத்தில் எல்லாம் கையளவு, கண்ணளவு. ஆகவே பிழைக்குத் தாராளமாக இடம் இருந்தது.

நான் என் பிழையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன். எழுதும்போதே இரண்டு தரம் எழும்பிப் போய்ச் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு அகதியாக வந்தேன். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். துணி துவைப்பதில் எனக்கு இருந்த ஒரே தகுதி, விடுதியில் தங்கிப் படித்தபோது என் வெள்ளைச் சட்டைகளை நானே தோய்த்து நீலம் போட்டதுதான். எட்மண்டன் சலவைச்சாலையில் சேர்ந்து ஒரு மாதம் அழுக்குத் துணி பிரித்தேன், ஒரு மாதம் உலர்த்தினேன், பிறகு இயந்திரத்தடியில் விட்டார்கள். படித்த படிப்பு முழுவதையும் மூன்று வசனத்தில் சொல்லிவிடலாம். பொக்கற்றைப் பார். நிறத்தைப் பிரி. கேட்காமல் ஒன்றையும் போடாதே.

அந்த மூன்றையும் சொல்லித் தந்தவர் எங்கள் மேற்பார்வையாளர் மிசிஸ் பேர்க். அயர்லாந்துக்காரி. ஐம்பது வயது இருக்கும், ஆள் கட்டை, கை மட்டும் பெரிது. ஒருநாளும் சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். சின்னப் பிழைக்கு இரண்டு துடைப்பு. ஒரு தரம் ஒருவர் மணப்பெண்ணின் உடுப்பை இஸ்திரியில் சுட்டுவிட்டபோது அவர் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்துவிடும் என்று பயந்தோம்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கைக்குட்டைச் சோதனை. நிறத் துணி எது வந்தாலும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, துணியின் உள்மடிப்பில் வைத்து, பத்து எண்ணும்வரை தேய்ப்பார். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணிக்குத் தனிப் பாதை. மற்றது, பிங்க் படிவம். யார் பிழை விட்டாலும் அதைத் தன் கையாலேயே பிங்க் படிவத்தில் எழுத வேண்டும். எழுதியவர் தானே துணியை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய், அவர் முன்னால் நின்று, அதை உரக்க வாசிக்க வேண்டும். "துணிக்கு வாய் இல்லை, நாதன். அதற்காக நாம்தான் பேச வேண்டும்" என்பார்.

இனிக் கதைக்கு வருகிறேன். இல்ஃபோர்டில் ஒரு சின்ன ஹோட்டலின் துணிகள் எங்களிடம்தான் வரும். ஒரு குளிர்காலத்தில் அங்கே ஒரு நாட்டின் தேசிய உதைபந்தாட்ட அணி வந்து இறங்கியது. நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. தேசப்படத்தில் அதன் பெயரைக் கடலுக்குள்தான் எழுதியிருப்பார்கள், தரையில் எழுத இடம் போதாது. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு அந்த நாட்டுச் சனத்தொகையைவிடக் கூடுதலாக ஆட்கள் வருவார்கள்.

அணியில் பதினான்கு பேர். கோல் காப்பவர் அந்த நாட்டின் ஒரே பல் வைத்தியர். அவர் லண்டனில் நிற்கும் வாரத்தில் நாட்டில் ஒருவருக்கும் பல்வலி வரக்கூடாது என்று கோயிலில் பிரார்த்தனை வைத்தார்களாம். முன்னால் நின்று ஆடுபவர் தபால்காரர். பயிற்சியாளர் பள்ளிக்கூடத் தலைமை வாத்தியார். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேருக்குப் படிப்பித்தவர் அவர். அதனால் அவர் விசில் ஊதினால் வளர்ந்த ஆண்கள் வரிசையில் நிற்பார்கள்.

சொந்த மண்ணுக்கு வெளியே அந்த அணி ஒரு கோல்கூடப் போட்டதில்லை. லண்டனில் இரண்டு ஆட்டம். புதன்கிழமை முதல் ஆட்டத்தில் சேற்றில் புரண்டு, பதினொன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். இரண்டாவது ஆட்டம் சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு, ஃபாரஸ்ட் கேட் பக்கத்து மைதானத்தில். சேற்றுச் சட்டைகளை ஹோட்டல்காரர் அனுப்ப மறந்துபோய், வெள்ளி மாலைதான் எங்களிடம் சேர்ப்பித்தார்கள்.

சட்டைகளைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப் போயிற்று. தடித்த வெள்ளைப் பருத்தித் துணி. நெஞ்சில் சிவப்பு நூலால் ஒரு கடற்பறவை. ஒவ்வொரு பறவையும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று கொழுத்தது, ஒன்றுக்குக் கழுத்தே இல்லை. நாட்டுப் பெண்கள் ஆளுக்கொன்றாகக் கையால் தைத்தவை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அப்போது என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. எனக்கென்று போட்டுக்கொள்ள ஒரு நாட்டின் சட்டை இல்லை. அந்தக் கழுத்தில்லாத பறவையைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டேன், உண்மையைச் சொன்னால் என்ன.

சனி காலையில் கழுவினேன். சேறு போயிற்று, பழுப்புப் போகவில்லை. வெளுக்கும் மருந்து போட்டால் சிவப்புப் பறவை செத்துவிடும். ஒரு தேசத்தைப் பழுப்பாக அனுப்புவதா? எனக்கு மனம் கேட்கவில்லை. அப்போதுதான் விடுதிக்காலத்து மூளை வேலை செய்தது. பழுப்புக்கு மருந்து நீலம்.

நீலம் ஞானம் அக்காவிடம் இருந்தது. மன்னார்க்காரி, எங்கள் இஸ்திரிப் பகுதி. தன் பங்குக் கோயிலின் பீடத்துணிகளை வீட்டில் தானே தோய்த்துக் கொடுப்பவர், அதற்காக ஒரு பெட்டி நீலப்பொடி எப்போதும் அவருடைய லொக்கரில் இருக்கும்.

"அக்கா, கொஞ்சம் நீலம் தாறியளோ?"

"எவ்வளவு வேணும்?"

"பதினாலு சட்டைக்கு."

"பெட்டியோட கொண்டுபோ. மிச்சத்தைத் திருப்பித் தரோணும். கவனமடா தம்பி, அது கோயில் நீலம். மனுசியிட்டை கேட்டனியோ?"

மனுசி என்றது மிசிஸ் பேர்க்கை. "ஓம்" என்று சொன்னேன். பொய்.

ஊரில் நீலம் போடுவது எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். பொடியைக் கந்தைத் துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் இரண்டு சுற்றுச் சுற்றி, நிறம் இறங்கியதும் முடிச்சை வெளியே எடுத்துவிட வேண்டும். நானும் முடிந்தேன். கடைசி அலசலுக்கு முன்னால் இயந்திரத்தின் கதவைத் திறந்து முடிச்சை உள்ளே வைத்தேன். இரண்டு சுற்று விட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்துப் பட்டனை அமத்தினேன்.

வாளிக்குக் கதவு இல்லை. இயந்திரத்துக்கு இருக்கிறது. ஓடத் தொடங்கினால் அது பூட்டிக்கொள்ளும், முடியும்வரை திறக்காது. இது எனக்குத் தெரியாத விசயமா? ஒரு நாளைக்கு இருபது தரம் நானே பூட்டுகிற கதவு. ஆனால் முடிச்சைக் கையில் எடுத்த நிமிசத்திலிருந்து நான் எட்மண்டனில் நிற்கவில்லை, விடுதிக் கிணற்றடியில் நின்றேன். வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் முதலில் வானம்போல இருந்தது. பிறகு கடல்போல. பிறகு முடிச்சு அவிழ்ந்தது.

கதவு திறந்தபோது மணி பத்தரை. பதினான்கு சட்டையும் நீலம். மங்கலான நீலம் இல்லை, பார்த்தவர் திரும்பிப் பார்க்கிற நீலம். முடிச்சு அவிழ்ந்து ஒட்டிக்கொண்ட ஒரு சட்டையில், தபால்காரரின் ஒன்பதாம் இலக்கச் சட்டை அது, இடது தோளின் முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மையைக் கொட்டியதுபோல ஒரு கறை.

ஞானம் அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயோ தம்பி, மாதாவின்ர சால்வை மாதிரியெல்லே கிடக்கு!" பிறகு குரலைத் தாழ்த்தி, "வடிவாத்தான் கிடக்கு" என்றார்.

மிசிஸ் பேர்க் வந்தார். ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார். பத்து எண்ணத் தேவைப்படவில்லை, மூன்றிலேயே கைக்குட்டை நீலமாயிற்று.

"இது சாயமே இல்லை, நாதன். இது விருந்தாளி. தண்ணீரைக் கண்டால் எழும்பிப் போய்விடும்."

"அப்படியென்றால் திரும்பக் கழுவி..."

"இரண்டு தரம் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும். மூன்று மணித்தியாலம், போய்ச் சேர இன்னும் ஒரு மணி. ஆட்டம் இரண்டு மணிக்கு." பிங்க் படிவத்தை நீட்டினார். "எழுது."

அவசரத்தில் எழுதியதில் எழுத்தெல்லாம் கோழி கிளறியது போலிருந்தது. உள்ளதை உலர்த்தி மடித்து, சலவைச்சாலை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். எனக்கு வேலை போனது நிச்சயம் என்று இருந்தேன். அதைவிட, அந்தக் கழுத்தில்லாத பறவைக்காரரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பெரிய கவலை.

மைதானத்தில் எங்களுக்கு முன்பே சண்டை தொடங்கியிருந்தது. உடைமாற்றும் அறை வாசலில் நடுவரும் தலைமை வாத்தியாரும் மூக்கோடு மூக்கு முட்ட நின்றார்கள். உள்ளூர் அணியின் நிறமும் வெள்ளையாம். விருந்தாளிகளிடம் மாற்றுச் சட்டை இல்லை. விருந்தாளிகள்தான் மாற்ற வேண்டும் என்பது விதி. உள்ளூர்க்காரர் பெரிய மனது பண்ணித் தங்கள் பழைய ஆரஞ்சுச் சட்டைகளைக் கடனாகக் கொடுத்திருந்தார்கள். அதன் நெஞ்சில் ஒரு இறைச்சிக்கடை விளம்பரம், சிரிக்கிற பன்றியோடு.

"எங்கள் பெண்கள் மூன்று மாதம் தைத்த சட்டை" என்றார் வாத்தியார். "அந்தப் பறவை நெஞ்சில் இருந்தால் நாங்கள் ஒரு நாடு. இல்லாவிட்டால் ஒரு தபால்காரர், ஒரு பல் வைத்தியர், சில மீன்காரர். பன்றியைப் போட்டுக்கொண்டு ஆடமாட்டோம். வீட்டுக்குப் போகிறோம்."

"வெள்ளைக்கு வெள்ளை ஆட விடமாட்டேன்" என்றார் நடுவர். மீசை வைத்த, விறைத்த மனிதர்.

மிசிஸ் பேர்க் என் முதுகில் ஒரு விரலால் தள்ளினார். நான் நடுவில் போய் நின்று படிவத்தை வாசித்தேன். "மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு, என் கவனக்குறைவாலும், அனுமதி கேட்காமல் நான் செய்த வேலையாலும், உங்கள் பதினான்கு வெள்ளைச் சட்டைகளும் நீல நிறமாகிவிட்டன என்பதை மிகுந்த மனவருத்தத்துடன்..."

"என்ன நிறம் என்றீர்கள்?" என்றார் நடுவர்.

நான் பொதியை அவிழ்த்தேன். நீலம். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் சிவப்புப் பறவை. முதலில் சிரித்தவர் பல் வைத்தியர். அவ்வளவு நல்ல பற்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நிமிசம் தபால்காரர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். வாத்தியார் ஒரு சட்டையை முகத்தோடு அணைத்து அழுதார், நிமிர்ந்தபோது மூக்கு நீலமாக இருந்தது. படிவம் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. "முழுவதும் வாசி" என்றார் மிசிஸ் பேர்க். அந்த ஆரவாரத்துக்குள் நான் முழுவதும் வாசித்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. இருபது நிமிசத்தில் மழையும் தொடங்கியது.

மிசிஸ் பேர்க் சொன்ன அந்த விருந்தாளி எழும்பினார். கழுத்து வழியாக, கை வழியாக, காற்சட்டை வழியாக நீலம் ஓடத் தொடங்கியது. அது மட்டும் என்றால் பரவாயில்லை. நெருங்கி நின்று மறிக்கிற ஆட்டம் அல்லவா, உரசுகிற ஒவ்வொரு உள்ளூர்க்காரரின் வெள்ளையிலும் நீலம் ஏறியது. இடைவேளை வந்தபோது எங்கள் ஆட்கள் வெளுத்துக்கொண்டும் அவர்கள் நீலமாகிக்கொண்டும் நடுவழியில் சந்தித்திருந்தார்கள். உள்ளூர் ஆள் ஒருவர் பந்தை நேராக எங்கள் தபால்காரருக்கே அனுப்பிவிட்டு நன்றியை எதிர்பார்த்து நின்றதை என் கண்ணால் கண்டேன். கோல் கணக்கு நான்குக்குப் பூச்சியம்.

நடுவர் வாத்தியாரிடம் வந்தார். "யார் யாரென்று எனக்கே தெரியவில்லை. இரண்டாம் பாதிக்குள் இதற்கு ஒரு வழி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆரஞ்சு."

பதினைந்து நிமிசம். வாத்தியார் என்னைப் பார்த்தார். பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோட்டுப் பொக்கற்றுக்குள் கை விட்டேன். அக்காவிடம் திருப்பிக் கொடுக்க வைத்திருந்த பெட்டி. அரைவாசிக்குமேல் இருந்தது.

கொஞ்சம் தயங்கினேன். பிறகு மிசிஸ் பேர்க்கிடம் திரும்பி, "போடலாமா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, பைக்குள் வைத்துவிட்டுச் சட்டைக் கையை முழங்கைக்குமேல் சுருட்டினார். "எத்தனை கரண்டி?"

"எல்லாம்."

உடைமாற்றும் அறையில் இரண்டு வாளி கிடந்தன. நான் கந்தையில் முடிந்து சுற்றினேன், இந்த முறை இரண்டு சுற்றில் முடிச்சை எடுத்தேன். பதினான்கு ஆண்கள் மேற்சட்டை இல்லாமல் குளிரில் துள்ளிக்கொண்டு நின்றார்கள். நான் தோய்க்க, மிசிஸ் பேர்க் பிழிந்தார். அந்தப் பெரிய கைகள் எதற்கு என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒரு முறுக்கு, ஒரு உதறு, சட்டை வாத்தியாரிடம் பறக்கும். அவர் இலக்கத்தைச் சத்தமாகப் படிப்பார், உரியவர் "இருக்கிறேன் சேர்" என்று வாங்கிப் போடுவார். விசில் ஊதியபோது எல்லோரும் ஈரமாக, விறைத்து, நீலமாக வெளியே ஓடினார்கள். எங்கள் இருவரின் கைகளும் முழங்கைவரை நீலம்.

உள்ளூர்க்காரர் இன்னும் இரண்டு போட்டார்கள். ஆறுக்குப் பூச்சியம். மழை சற்று விட்டிருந்தது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான். அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. தபால்காரர் எழும்பினார். பின்னால் இரண்டு பேர் அவரோடு எழும்பினார்கள். என்ன நடந்தது என்று தெரியவில்லை, பந்து வலைக்குள் கிடந்தது.

"கையில் பட்டது! கை!" என்று உள்ளூர்க்காரர் எல்லோரும் கத்தினார்கள்.

நடுவர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. வாத்தியார் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கும் போலிருந்தது. நடுவர் மெதுவாக நடந்து போய்ப் பந்தை வலையிலிருந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பந்தில், உள்ளங்கை அகலத்தில், மையைப்போல ஒரு கருநீலக் கறை.

அவர் தபால்காரரிடம் போனார். கைகளைப் பார்த்தார், வெளிர்நீலம். சட்டையை மேலிருந்து கீழே பார்த்தார், வெளிர்நீலம். பிறகு இடது தோளுக்கு வந்தார். பந்தைத் தோளின் முன்பக்கத்தில் மழைக்கும் போகாமல் இருந்த கறையோடு வைத்துப் பார்த்தார். மைதானத்தில் அந்த நிறம் வேறு எங்கேயும் இல்லை.

விசில் ஊதி, கோல் என்று நடுக்கோட்டைக் காட்டினார்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஏலாது. பல் வைத்தியர் மைதானத்தின் முழு நீளமும் ஓடி வந்தார். ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நானும் விழுந்தேன், எனக்கு அங்கே என்ன வேலை என்று இன்றுவரை தெரியாது. வாத்தியார் விசில் ஊதினார், ஒருவரும் வரிசையில் நிற்கவில்லை. ஆறுக்கு ஒன்று என்று தோற்ற அணியை வென்ற அணி கைதட்டி அனுப்பியது. வென்றவர்களும் முக்கால்வாசி நீலமாக இருந்தார்கள்.

மிசிஸ் பேர்க் மட்டும் நடைமுறையை மறக்கவில்லை. பிங்க் படிவத்தை வாத்தியாரிடம் நீட்டி, வாடிக்கையாளர் கருத்து என்ற இடத்தில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். அவர் எங்கள் வண்டிக் கதவில் வைத்து எழுதினார்: "இனியும் இப்படியே செய்து தரவும்." மிசிஸ் பேர்க் அதை வாசித்தார், மடித்தார், கோப்பில் போட்டார். என் வேலையைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல வந்து இயந்திரத்தடியில் நின்றேன்.

ஞானம் அக்காவிடம்தான் அகப்பட்டேன். வெறும் பெட்டியைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார். "கோயில் நீலத்தைப் பந்தடிக்கிறவங்களுக்குக் குடுத்து முடிச்சிட்டியோ?" பிறகு சற்று யோசித்து, "கோல் ஏதும் போட்டவங்களோ?" என்றார்.

"ஓம் அக்கா. ஒண்டு."

"அப்ப அது மாதாதான்" என்று சொல்லிவிட்டு இஸ்திரியைத் தூக்கினார்.

தொண்ணூறுகளில் அவர்கள் மறுபடி லண்டன் வந்தார்கள். அதே இல்ஃபோர்ட் ஹோட்டல். இந்த முறை சட்டைகளை ஹோட்டல்காரர் அனுப்பவில்லை, தலைமை வாத்தியார் தானே பொதியைத் தூக்கிக்கொண்டு எட்மண்டனுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தபால்காரர் ஆட்டத்தை விட்டுவிட்டார் என்றும், ஆனால் கடிதம் கொடுக்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கோலை இன்னும் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார்.

பொதியை அவிழ்த்தேன். ஆலையில் செய்த புதுச் சட்டைகள். எல்லாம் நீலம், ஞானம் அக்காவின் கோயில் நீலம். சிவப்புப் பறவை அப்படியே இருந்தது. மிசிஸ் பேர்க் ஓய்வு பெற இன்னும் சில மாதமே இருந்தது. அவர் கைக்குட்டையை நனைத்து, உள்மடிப்பில் வைத்து, பத்துவரை எண்ணித் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"இந்த முறை விருந்தாளி இல்லை. வீட்டுக்காரர்" என்றார்.

நான் ஒரு சட்டையை விரித்தேன். இடது தோளின் முன்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு கருநீலக் கறை. அடுத்ததை விரித்தேன். அதிலும் இருந்தது.

"ஆலைக்காரருக்கு மாதிரியாகத் தபால்காரரின் சட்டையைத்தான் அனுப்பினோம்" என்றார் வாத்தியார். "தோளில் இருக்கிற கறையும் வேண்டுமா என்று இரண்டு தரம் கடிதம் போட்டுக் கேட்டார்கள். ஊர்க்கூட்டம் வைத்தோம். வேண்டாம் என்று ஒருவர்கூடக் கை தூக்கவில்லை."

மிசிஸ் பேர்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அவ்வளவு நேரம் துடைத்தும் கோபம் இல்லாமல் இருந்தது அந்த ஒரு தரம்தான்.

பதினான்கு சட்டைகளையும் எண்ணி வாங்கினேன். பதினான்கிலும் கறை இருந்தது. இயந்திரத்துக்குள் வைத்து, கதவைச் சாத்துவதற்கு முன்னால், சோப்புப் போடலாமா என்று மிசிஸ் பேர்க்கிடம் கேட்டேன்.